உப்புக்காற்றில் ஒரு வெள்ளை 800

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மாருதி 800, அப்பா 1999-ல் பி.எஃப். கடன் போட்டு வாங்கியது. வெள்ளை நிறம், கார்புரேட்டர் வண்டி, டி.என். 03, அதாவது தண்டையார்பேட்டை பதிவு. திருவொற்றியூரில் எங்கள் தெருவிலிருந்து கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் கடல். வண்டிக்கு வந்த வியாதி எல்லாம் அந்தப் பத்து நிமிட தூரத்தால் வந்ததுதான். கோயம்புத்தூரில் மாமா வீட்டில் இதே வயசு 800 ஒன்று நிற்கிறது, பெயிண்ட் மங்கியிருக்கிறதே தவிர தகடு தகடாகவே இருக்கிறது. இங்கே காலையில் கண்ணாடியைத் துடைத்தால் துணி பிசுபிசுக்கும். ஜன்னல் கம்பி, கேட்டுக் கீல், மாடியில் கொடி கட்டும் கொக்கி எல்லாம் துருப்பிடிக்கிற ஊரில் கார் மட்டும் எப்படித் தப்பும்?

போன தை, மாசி இரண்டு மாதமும் உட்கார்ந்து அந்த வண்டிக்கு ஸ்ப்ரே கேனை வைத்து வீட்டிலேயே முழுசாகப் பெயிண்ட் அடித்தேன். நடுவில் ஒரு மழைக்காலம் போய்விட்டது. எது நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போதுதான் சொல்ல முடியும், அதனால்தான் இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன். அடித்த அன்றைக்கு எடுத்த போட்டோவைப் பார்த்து யாரும் எதையும் முடிவு பண்ணக் கூடாது, அன்றைக்கு எல்லா வண்டியும் பளபளவென்றுதான் இருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து அந்த ஜனங்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும், எங்கள் தெருவுக்கு வந்தது வெறும் தண்ணீர்தான். வடிந்ததும் வண்டிக்குள் கிடந்த கால்மிதியை எடுத்துக் காயவைத்தோம், ஆயில் மாற்றினோம், வண்டி கிளம்பியது, அதோடு விட்டுவிட்டோம். ஆனால் 800-ல் தண்ணீர் போய் ஒளிந்துகொள்கிற இடங்கள் தனியாக இருக்கின்றன. கால்மிதிக்கு அடியில் உள்ள தரை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு, சக்கரத்துக்கு மேல் வளைகிற விளிம்பு, பின் விளக்கைச் சுற்றி, அப்புறம் கதவின் அடி. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியே போக அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். அதில் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் கதவு ஒரு தொட்டியாகிவிடும். ஒரு வருடம் கழித்து வண்டி கழுவும்போது, இடது பக்கப் பின் கதவின் கீழ் விளிம்பில் பெயிண்ட் பொங்கி இருப்பதைப் பார்த்தேன். கட்டை விரலால் அழுத்தினேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம், விரல் உள்ளே போய்விட்டது.

இரண்டு ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தேன். ஒருவர் டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் சேர்த்து 38,000 சொன்னார். இன்னொருவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் செலவு பண்றீங்களே சார், வித்துட்டு வேற பாருங்க" என்றார். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான், எடைக்குப் போட்டால் கிடைக்கிற காசைவிட பெயிண்ட் செலவு அதிகம். ஆனால் அப்பா இன்றைக்கும் அதில்தான் தேரடிக்கும் மார்க்கெட்டுக்கும் போகிறார். 800 தயாரிப்பையே 2014-ல் நிறுத்திவிட்டார்கள், அந்த 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின் மட்டும் இன்னும் ஒரே சாவியில் கிளம்புகிறது. டெல்லி மாதிரி 15 வருடம் ஆன பெட்ரோல் வண்டியை ஓட்டக் கூடாது என்ற தடையும் இங்கே இல்லை. முதல் 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். 2024-ல் புதுப்பித்தாகிவிட்டது, 2029 வரை கவலை இல்லை. அதுவரை தகடு நிற்க வேண்டும். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

நிறத்தை மாற்றலாம் என்று என் பெண் ஆசைப்பட்டாள், சிவப்பு கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆர்.சி.யில் வண்டியின் நிறம் எழுதியிருக்கும், மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் அதையும் திருத்தியாக வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், வேறு நிறம் என்றால் கதவைத் திறந்தால் தெரிகிற உள் விளிம்பு, பானட்டுக்கு அடிப்பக்கம், டிக்கி உள்பக்கம் எல்லாவற்றையும் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் பழைய வெள்ளை எட்டிப் பார்க்கும். பழைய நிறத்தையே அடிப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. வெயிலே படாத கதவு உள் விளிம்பில்தான் கம்பெனியில் அடித்த அசல் வெள்ளை அப்படியே இருக்கும். தடிமனான அட்டையில் கேனை அடித்துக் காயவைத்து, அதைக் கொண்டுபோய் அந்த விளிம்போடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் மொத்தமாக வாங்கினேன். வெள்ளை என்றால் ஒரே வெள்ளை என்று நினைக்க வேண்டாம். முதலில் வாங்கிய கேன் நீலம் தட்டியது, அது சோப்புத் தூள் விளம்பரத்து வெள்ளை. கலர் கோடு, அதாவது அந்த நிறத்துக்கான நம்பர், சொன்னால் கலந்து கேனிலேயே அடைத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன, கேனுக்கு நூறு ரூபாய் கூட ஆனாலும் அதுதான் சரி.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ட்ரெய்லர் கேபின்களுக்கு டிங்கரிங் பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். சின்ன வயசில் இருந்து அந்தத் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் ஸ்கூலுக்குப் போயிருக்கிறேன். அவரிடம் வண்டியைக் காட்டி, "அண்ணே, நானே அடிக்கப் போறேன், ஓட்டைய மட்டும் நீங்க பாத்துக் குடுங்க" என்றேன். அவர் கதவின் அடியை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திக்கொண்டே வந்தார், குத்தின இடத்தில் எல்லாம் இறங்கியது. "நீ எம்-சீல் வச்சு மூடலாம்னு பாத்தியா?" ஆமாம் என்றேன். "ஓட்டைக்கு மேல பட்டி வைக்காத தம்பி. பட்டி தண்ணி குடிக்கும், உள்ள இருந்து திரும்ப அரிச்சுட்டு வரும்." கெட்டுப்போன தகட்டை நல்ல தகடு வரும் வரைக்கும் வெட்டி எடுத்தார், புதுத் தகடு மடக்கி வெல்டிங் வைத்தார். கதவு, இரண்டு பக்க ரன்னிங் போர்டு, டிரைவர் சீட்டுக்குக் கீழ் தரை. ஒன்றரை நாள் வேலைக்கு 4,500 ரூபாய் வாங்கினார், இந்த மொத்த வேலையிலும் நான் மனசாரக் கொடுத்த பணம் அது.

அவர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார், அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பானட்டில் ஒரு இடம் சமமாக இருப்பதாக எனக்குப் பட்டது. அவர் தோளில் கிடந்த பழைய பனியன் துணியை மடித்து உள்ளங்கைக்கு அடியில் வைத்து, முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு, பானட்டின் நீளவாக்கில் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். நடுவில் கை நின்றது. "இங்க ஒரு பள்ளம், அதுக்கு அந்தாண்ட ஒரு மேடு." நான் குனிந்து, சாய்ந்து, எப்படிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. "வெறும் கை சிக்கும், துணி வச்சா வழுக்கும், வழுக்கினாத்தான் மேடு பள்ளம் தெரியும்" என்றார். வெறும் கையை வைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு, வியர்வையும் உப்புதான், தேய்த்து வைத்த தகட்டில் கை ரேகை பட்ட இடத்தில் மறுநாளே பழுப்பு தட்டும். நான் அடுத்த இரண்டு மாதமும் அந்தப் பனியன் துணியோடுதான் இருந்தேன். கடைசியில் என் கைக்கும் பிடிபட்டது. முதல் தடவை ஒரு பள்ளம் கையில் தட்டுப்பட்டபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, தொட்டுப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள் என்றேன்.

அப்புறம் தேய்ப்பு. தச்சர்கள் உப்புத்தாள் என்பார்கள், கார் பெயிண்டர்கள் வாட்டர் பேப்பர் என்பார்கள். எங்கள் பகுதிக்கு உப்புத்தாள்தான் பொருத்தமான பெயர், உப்பு தின்ற தகட்டை அதை வைத்துத்தான் மீட்கிறோம். துரு இருந்த இடத்தை 80, 120 நம்பர் முரட்டுத் தாளில் தேய்த்து வெள்ளித் தகடு தெரிய வைத்தேன். குழிக்குள் விடாமல் பிடித்திருந்த துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துருநீக்கி, பாரிமுனைக்குப் போய் நைனியப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடையில் வாங்கி வந்தேன். கையுறை போட்டுப் பிரஷ்ஷால் தடவினால் சிவப்புத் துரு கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போகும், இரும்பு பாஸ்பேட்டாக மாறிவிடுகிறது. நன்றாக இருக்கிற பழைய பெயிண்டை உரிக்கவே வேண்டாம், கம்பெனியில் சூடேற்றிச் சுட்ட பெயிண்டைவிட நல்ல அஸ்திவாரம் நம்மால் போட முடியாது, அதன் பளபளப்பை மட்டும் எடுத்தால் போதும். தகடு தெரியும் இடமும் பழைய பெயிண்டும் சந்திக்கிற ஓரத்தை மட்டும் படியே இல்லாமல் சரிக்க வேண்டும், 240-ல் ஆரம்பித்து 320, 400 என்று. சரியாகச் சரித்தால் அந்த ஓரம் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி தெரியும், நடுவில் தகடு, சுற்றி பிரைமரின் சாம்பல் வளையம், அதைச் சுற்றி வெள்ளை. கண்ணை மூடித் தடவினால் ஒரு வளையமும் கையில் தட்டக் கூடாது. பேப்பரை விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் விரலாக வாய்க்கால் விழும், பழைய ரப்பர் செருப்பை சோப்புக்கட்டி அளவுக்கு வெட்டி அதில் சுற்றித் தேய்த்தேன், கடையில் விற்கிற பிளாக்கைவிட அது வளைவில் நன்றாக உட்காருகிறது.

இந்த இடத்தில்தான் ஒரு தப்பு செய்தேன். அது தப்பு என்று தெரிய பத்து மாதம் ஆனது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொரு தப்பு உடனே தெரிந்துவிட்டது. வலது முன் மட்கார்டில் 2011-ல் ஒரு ஸ்கூட்டர் இடித்து, ஒரு இடத்தில் கொடுத்துப் பெயிண்ட் அடித்திருந்தோம். பார்க்க நன்றாகவே இருந்தது, அதனால் மேலாகத் தேய்த்து பிரைமர் அடித்தேன். கேனைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், கண் முன்னாலேயே மட்கார்டு பாலாடை மாதிரி சுருங்கிக்கொண்டே போகிறது. அவர்கள் அடித்திருந்தது கதவு ஜன்னலுக்கு அடிக்கிற சாதா எனாமல். கேனில் இருப்பது லாக்கர் வகைப் பெயிண்ட், அதைக் கரைத்து வைத்திருக்கிற தின்னர் எனாமலுக்குள் இறங்கினால் அது ஊதிச் சுருங்கிவிடும். இரண்டு நாள் உட்கார்ந்து அந்த மட்கார்டு முழுவதையும் தகடு வரை உரித்தேன். இதைத் தவிர்க்க வழி ரொம்ப எளிது. மறைவான ஓரத்தில் தின்னர் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். ஒன்றும் ஆகாவிட்டால் கம்பெனி பெயிண்ட், கரைந்து துணியில் வந்தால் லாக்கர், சுருங்கினால் எனாமல். எனாமலை உரித்தே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. பழைய வண்டியில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கும், எல்லாப் பாகத்தையும் தனித்தனியாகச் சோதித்துவிடுங்கள்.

பட்டி பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பொருள் கலக்கிற பட்டி, இறுக வைக்கிற ஹார்ட்னரைக் கொஞ்சமாகச் சேர்த்து, மெல்லிசாக இழுத்து, வறண்ட பேப்பரில் தேய்க்க வேண்டும், தண்ணீர் வேண்டாம். சாம்பல் பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகு, கறுப்பு கேனைத் தூரத்தில் பிடித்து மிளகுத்தூள் தூவின மாதிரி ஒரு தூவல் விட்டு, செருப்புக் கட்டையில் 400 நம்பர் சுற்றித் தேய்த்தேன். மேடான இடத்தில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக நிற்கும். வண்டி தானாகவே, இங்கே பார் இங்கே பார் என்று காட்டிக்கொடுக்கும். எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான்.

கேனைப் பற்றி. 1949-ல் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் என்பவர்தான் பெயிண்டைக் கேனில் அடைத்தார், தான் விற்ற அலுமினியப் பெயிண்டைக் கடைக்காரர்களுக்குச் சுலபமாக அடித்துக் காட்ட, மனைவி சொன்ன யோசனையின் பேரில். அதாவது பிறவியிலேயே அது சின்ன இடத்துக்கான சாமான். முழு காரை அடிக்கும்போது அது நன்றாகத் தெரியும். 400 மில்லி கேன் ஒன்று, மறைக்கும் அளவுக்கு அடித்தால், ஒரு சதுர மீட்டரை ஒட்டித்தான் வரும். அதன் விசிறி உள்ளங்கை அகலம்தான். கதவு, மட்கார்டு மாதிரி கைக்கு அடக்கமான இடத்தில் கேன் அருமையாக வேலை செய்யும். கூரையில் அப்படி இல்லை. இந்தப் பக்கம் அடித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் காய்ந்துவிடும், காய்ந்ததன் மேல் விழுகிற தூசிப் பெயிண்ட் சொரசொரவென்று கோடு கட்டும். நான் கூரையை மூன்று தடவை தேய்த்து அடித்தேன், இன்னமும் சாயங்கால வெயிலில் மாடியில் இருந்து பார்த்தால் நடுவில் ஒரு பட்டை மங்கலாகத் தெரிகிறது. கூரையை மட்டும் கம்ப்ரசர், கன் வைத்திருக்கிற ஒருவரை அழைத்து அடிக்கச் சொல்லலாம், இதை யாருக்கும் தாராளமாகச் சொல்வேன்.

கேனில் பெயிண்டைத் தள்ளுவது பெரும்பாலும் சமையல் கேஸ் வகையறா வாயுதான், தின்னரும் தீப்பிடிக்கிற சரக்கு. எங்கள் சமையலறை ஜன்னல், நான் பெயிண்ட் அடித்த ஷெட்டுப் பக்கம்தான் திறக்கிறது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். அதனால் அடிக்கிற நேரத்தில் அடுப்பு அணைத்திருக்க வேண்டும், சாமி விளக்கு எரியக் கூடாது, அது முடிவு. அம்மா அந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை சமையலை எட்டரைக்குள் முடித்துவிடுவார். மூக்குக்குக் கட்டுகிற துணி, மருத்துவமனை மாஸ்க் இதெல்லாம் தின்னர் வாடையைத் தடுக்காது, கரி வடிகட்டி வைத்த, வாயுவுக்கு என்று இருக்கிற மாஸ்க் வேண்டும். அடியில் ஒரு ஊசியை அழுத்தி ஹார்ட்னரை உடைத்துவிடுகிற கேன்களும் வருகின்றன, 2கே என்பார்கள். அது காய்ந்தால் கல் மாதிரி, பெட்ரோல் பட்டாலும் அசையாது. ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலைப் பிடித்தால் வாழ்நாள் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடக்கூடியது, வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவருகிற மாஸ்க் போட்டுக்கொண்டுதான் அதை அடிக்க வேண்டும். சின்னப் பெண்ணும் வயசானவர்களும் இருக்கிற வீட்டில், தெருவுக்கு மூன்றடி தள்ளி, அதை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஹார்ட்னர் இல்லாத சாதா 1கே லாக்கரே போதும் என்று முடிவு செய்தேன். அதன் குறை என்னவென்றால், பெட்ரோல் ஊற்றும் வாய்க்குக் கீழே ஒரு சொட்டு வழிந்தாலும் பெயிண்டைக் கரைத்துக்கொண்டு போகும். இப்போது பங்க்கில் நிற்கும்போது கையில் ஒரு ஈரத் துணியோடுதான் இறங்குகிறேன்.

நேரம் முக்கியம், கடலோரத்தில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. தை மாதக் காலையில் தகட்டின் மேல் பனி முத்து முத்தாக நிற்கும், துடைத்தாலும் ஈரம் இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறித் தகடு காய்ந்த பிறகு ஆரம்பித்து, மதியம் கடல் காற்று எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும். கடல் காற்று வந்துவிட்டால் ஈரம், உப்பு, எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிற லாரிகளின் தூசி மூன்றும் சேர்ந்து வரும். ஒரு தடவை அவசரப்பட்டு சாயங்காலம் நாலரைக்கு பம்பருக்குக் கறுப்பு அடித்தேன். பத்து நிமிடத்தில் கறுப்பின் மேல் சாம்பல் பூத்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிர்ந்து காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது மாதிரிதான். கறுப்பில் பளிச்சென்று தெரிந்தது, வெள்ளையில் தெரியாமலே பளபளப்பைக் கொன்றுவிடும்.

அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஸ்ப்ரே தூசி நாம் நினைப்பதைவிட ரொம்ப தூரம் போகும். முந்தின நாளே சொல்லி, பக்கத்தில் நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் பழைய புடவை போர்த்திவிடுவேன். மாசியில் ஒரு ஞாயிறு, டேப் எல்லாம் ஒட்டி, கேனைக் குலுக்கிக்கொண்டு நிற்கிறேன், பக்கத்து வீட்டு அக்கா மாடியில் இருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, மேல வடாம் பிழிஞ்சிருக்கேன்பா. இன்னைக்கு வேணாமே." சரிக்கா என்று கேனை வைத்துவிட்டு அன்றைக்கு முழுக்கத் தேய்ப்பு வேலை பார்த்தேன். மறு வாரம் அவரே மாடியில் கொடியை அவிழ்த்துவிட்டு, "இன்னைக்கு அடிச்சுக்கோ" என்று குரல் கொடுத்தார், கூடவே ஒரு டப்பா வடாமும் வந்தது.

அடிக்கிற முறைக்கு வருகிறேன். கேனைக் குலுக்கும்போது உள்ளே குண்டு உருள ஆரம்பித்ததில் இருந்து முழுசாக இரண்டு நிமிடம் குலுக்குங்கள், வெள்ளையின் நிறச் சத்து கனம், அடியில் போய்ப் படிந்திருக்கும். ஒரு சாண் தூரம் அல்லது கொஞ்சம் கூட, இருபது இருபத்தைந்து சென்டிமீட்டர். மணிக்கட்டை வளைக்காமல் தோளில் இருந்து கை மொத்தமும் போக வேண்டும், மணிக்கட்டு வளைந்தால் நடுவில் கனமும் ஓரத்தில் மெல்லிசுமாக விழும். பாகத்துக்கு வெளியிலேயே அழுத்த ஆரம்பித்து, தாண்டிப் போய்தான் விரலை எடுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தினதில் பாதியை மூட வேண்டும். முதல் கோட் வெறும் தூவல், அடியில் சாம்பல் தெரிந்தால் தெரியட்டும். எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான், முதல் கோட்டிலேயே வெள்ளையாக்கிவிட வேண்டும் என்று அடிப்பார்கள், கதவில் மெழுகுவத்தி மாதிரி ஒழுகும். பத்து, பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது, அப்படி நாலு கோட், வெள்ளைக்கு ஐந்து. நிறுத்தும்போது கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும் வரை விட்டால் நாசில் அடைக்காது. ஆள்காட்டி விரல் நாலாவது கேனில் மரத்துப்போகும், துப்பாக்கிப் பிடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரைமர் 9, வெள்ளை 18, அதற்கு மேல் அடிக்கிற நிறமில்லாத கிளியர் 8, எல்லாம் சேர்த்து 35 கேன் ஆனது. கேன் மட்டும் 13,000 சொச்சம், பேப்பர், பட்டி, டேப், மாஸ்க், வெல்டிங் சேர்த்து 21,000-க்குக் கொஞ்சம் மேலே. ஒர்க்‌ஷாப் சொன்னதைவிடக் குறைவுதான், ஆனால் இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள், சனிக்கிழமை சாயங்காலங்கள் எல்லாம் போயிற்று. ஒரு கதவு, ஒரு மட்கார்டு என்றால் கேன் நல்ல மிச்சம். முழு வண்டிக்குக் காசுக்காக மட்டும் இறங்க வேண்டாம். எனக்கு, எங்கே துரு இருந்தது, எங்கே என்ன வைத்து மூடியிருக்கிறது என்று அந்த வண்டியில் ஒரு அங்குலம் விடாமல் தெரிய வேண்டும் என்ற ஆசை இருந்தது, அதற்கு இதுதான் வழி.

கிளியர் அடித்து மூன்று வாரம் விட்டு, 1500, 2000 நம்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பளபளப்பு ஏற்றுகிற காம்பவுண்ட் போட்டேன். தேய்த்த உடனே சாக்பீஸ் மாதிரி ஆகிவிடும், வயிற்றில் புளியைக் கரைக்கும். காம்பவுண்டை வட்டமாகத் துணியில் தேய்க்கத் தேய்க்க அதிலிருந்து வெளிச்சம் கிளம்பி வரும். அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு கதவு ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டார். முப்பது வருடம் இதே ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்த கை, அவர் செய்த கதவுதான் எல்லாவற்றிலும் நன்றாக இருக்கிறது. 1956-ல் இருந்து புல்லட் செய்த ஊர் திருவொற்றியூர், டேங்கில் அந்த மெல்லிய கோட்டைக் கையாலேயே இழுத்தவர்கள் இருந்த ஊர். அந்த நிதானம் அவர் தலைமுறை ஆட்கள் கையில் இன்னும் இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

சரி, பத்து மாதம் கழித்துத் தெரிந்த தப்பு. நவம்பர் மழை இரண்டு சுற்று முடிந்தபோது, இடது பின் கதவின் கீழ்ப்பக்கத்தில், முதலில் விரல் உள்ளே போன அதே கதவில், பாசிப்பயறு அளவில் கொப்புளங்கள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தி மூன்று. மற்ற மூன்று கதவிலும் ஒன்றுகூட இல்லை, அதே பிரைமர், அதே பெயிண்ட், அதே மழை. டிங்கர் அண்ணன் வந்து பார்த்தார், ஒன்றை ஊசியால் குத்தினார், ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. "இந்தக் கதவை எந்தத் தண்ணில கழுவின?"

அது நான் முதலில் தேய்த்த கதவு. போர் தண்ணீரில்தான் கழுவினேன். எங்கள் தெரு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, பக்கெட் காய்ந்தால் வெள்ளையாகப் படிவம் நிற்கும். வெறும் தகட்டை அந்தத் தண்ணீரில் தேய்த்து, கழுவி, துடைத்து, கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்ததும் பிரைமர் அடித்துவிட்டேன். துணி தண்ணீரைத்தான் எடுத்தது, உப்பு தகட்டிலேயே தங்கிவிட்டது. லாக்கர் பெயிண்ட் பார்க்கத்தான் கெட்டி, ஈரம் அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். அடியில் உப்பு இருந்தால் அது அந்த ஈரத்தைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும், இழுத்த தண்ணீர் பெயிண்டைத் தூக்கும். இரண்டாவது கதவு தேய்க்கும்போது போர் மோட்டார் ரிப்பேர், அதனால் ட்ரம்மில் இருந்த மெட்ரோ தண்ணீரை, அதாவது குடிநீர் வாரியத்துத் தண்ணீரை, எடுத்தேன், அப்படியே பழகிவிட்டது. வண்டியின் மற்ற பாகமெல்லாம் தப்பியது அந்த மோட்டார் பழுதான புண்ணியத்தில்தான். கடல் காற்றுக்குப் பயந்து நேரம் பார்த்து, கேட்டைச் சாத்தி, பனி விலகக் காத்திருந்து எல்லாம் செய்தேன். உப்பை என் கையாலேயே மக்கில் மொண்டு ஊற்றியிருக்கிறேன்.

திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர், ராயபுரம் பக்கம் யாராவது இந்த வேலையில் இறங்கினால், கேன் என்ன கம்பெனி என்று யோசிப்பதற்கு முன்னால் தண்ணீரை யோசியுங்கள். தகடு தெரிகிற இடத்தில் மெட்ரோ தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர்தான், கடைசியாக அலசுவதற்காவது இருபது லிட்டர் கேன் ஒன்றைத் தனியாக வைத்துவிடுங்கள். அலசியதும் துடைத்து, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள், ஒரு இரவுகூடத் தகட்டை வெறுமனே விடாதீர்கள்.

மறுபடியும் தை பிறந்துவிட்டது. போன வாரம் அந்தக் கதவைக் கழற்றி, கொப்புளம் இருந்த பகுதியை வெல்டிங் கோடு வரைக்கும் தேய்த்து இறக்கிவிட்டேன். வெல்டிங் அப்படியே உறுதியாக இருக்கிறது, தகட்டில் ஊசிமுனை அளவில்தான் துரு ஆரம்பித்திருந்தது. பிரைமர் இரண்டு கேன், அதே கடையில் அதே கலர் கோடில் கலந்த வெள்ளை இரண்டு கேன் மேசைக்கு அடியில் நிழலில் இருக்கின்றன. நேற்று மெட்ரோ லாரி வந்தது, ட்ரம் நிறையப் பிடித்து மூடி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியாகிவிட்டது, இன்னும் வடாம் போட ஆரம்பிக்கவில்லையாம்.